பின்சுவரில் அடைத்த காற்றுவழிகளைத் திறக்கக் கோரி

அனுப்புநர்
பணிமனை இன்ஜின் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்து காலமானவரின் மனைவி,
பணிமனைப் பின்சுவரை ஒட்டிய மாடி வீடு,
பின்தெரு.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்து நிர்வாகம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: மின்பேருந்துகளுக்கு சார்ஜ் ஏற்ற, மூடிய கொட்டகைக்குள் டீசல் ஜெனரேட்டர் ஓட்டுவது – அங்கே வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து – உடனடி நடவடிக்கை வேண்டுதல்.

பார்வை: என் முந்தைய மனு. அதற்குப் பதில் தொலைபேசியில் மட்டும் வந்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். நான் மின்பேருந்துகளுக்கு எதிரி என்று எங்கள் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற மாதம் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர், "இன்ஜின் சார் வீட்டம்மாவே கரெண்ட் பஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அப்புறம் நமக்கென்ன" என்று பேசியதாக அறிகிறேன். நான் அப்படி எழுதவில்லை. பேருந்துகளும் ரயில்களும் முழுவதுமாக மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்பதே என் கருத்து. அது என் கணவர் உயிரோடு இருந்த காலத்திலேயே நடந்திருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. பணிக்காலம் முழுவதும் டீசல் புகையைச் சுவாசித்து, அதனாலேயே அவர் இறந்தார். டீசலுக்காக வாதாட என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த ஊரில் கிடைக்கமாட்டார்.

என் கணவரின் ஆவி வீட்டுக்கு வருகிறது என்று நான் சொல்லித் திரிவதாகவும் ஒரு பேச்சு உண்டு. அதுவும் தவறு. நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததைத் தாங்கள் வேறு வாய்களிலிருந்து கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

2. என் வீட்டின் சமையலறைக்கும் பணிமனையின் பின்சுவருக்கும் இடையில் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு முற்றம்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், பழுது பார்த்த இன்ஜின்களை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கொட்டகை. என் கணவர் வேலை பார்த்த இடம் அதுவே. மதியம் தெருவைச் சுற்றி, வீட்டின் பின்வாசல் வழியாகச் சாப்பிட வருவார். அவர் வருவதற்கு முன்னால் அவர் சட்டையின் டீசல் வாசனை வரும். வாசனை வந்ததும் தட்டு வைப்பது என் வழக்கம். கடிகாரம் பார்த்ததில்லை.

அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. புதிய மின்பேருந்துகள் வந்து, மாலையும் மேளமுமாகத் தொடக்க விழா முடிந்த சில நாட்களில், ஒரு மதியம் அந்த வாசனை சமையலறைக்குள் வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. மறுநாளும் வாசனை வந்தது. மறுநாளும் வைத்தேன். அன்று வைக்கும்போது எனக்குப் புரிந்தே இருந்தது.

என் மருமகள் தட்டைப் பார்த்துவிட்டாள். என் மகன், "அம்மா, அது அப்பா ஞாபகம்மா. வெளியில இருந்து ஒண்ணும் வரல" என்றான். என்னை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். அவர் இன்று என்ன தேதி என்று கேட்டார். சொன்னேன். அவர் மேசையில் இருந்த நாட்காட்டி கிழிக்கப்படாமல் ஒரு நாள் பின்தங்கியிருப்பதையும் சொன்னேன். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் தூங்கினேன். தூக்கத்திலும் அந்த வாசனை வந்தது.

3. நான் கான்வென்ட்டில் படித்தவள். கண்ணால் பார்த்ததையும் மனதால் நினைத்ததையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதே என்று அங்கே சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே கண்ணால் பார்த்ததைத் தனியாகத் தருகிறேன். முற்றத்தில் காயப்போட்ட வெள்ளைத் தலையணை உறைகளில் கரி படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன். எண்ணெய்ப் பசையுள்ள கரி. என் கணவர் சட்டைகளிலிருந்து பல ஆண்டுகள் கையால் துவைத்து எடுத்த கரி அது. அடையாளம் காண எனக்கு யார் உதவியும் வேண்டாம். இறந்தவர்கள் எதற்காக வந்தாலும் தலையணை உறையை அழுக்காக்க வரமாட்டார்கள். அன்றோடு தட்டு வைப்பதை நிறுத்தினேன். அன்று மாலையே தங்களுக்கு முதல் மனுவை எழுதினேன்.

4. தங்கள் அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எங்க பணிமனையில இப்ப டீசல் இன்ஜினே கிடையாதும்மா, எல்லாமே எலக்ட்ரிக்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மரியாதை கரியைப் போக்காது.

மறுநாள் நானே பணிமனை வாசலுக்குப் போனேன். வாயில் காவலர் என் கணவர் காலத்து ஆள். புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "வண்டி கரெண்ட்லதான் ஓடுது அம்மா. அந்தக் கரெண்ட் எதுல ஓடுதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க." அவர் தலை சோதனைக் கொட்டகையின் பக்கம் திரும்பியது. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அங்கே பலருக்கு நான் இன்னும் இன்ஜின் சார் வீட்டம்மா.

நான் அறிந்தது இதுதான். இத்தனை பேருந்துகளுக்கு சார்ஜ் ஏற்றப் போதுமான மின் இணைப்பு பணிமனைக்கு இன்னும் வரவில்லை. விழாவைத் தள்ளிப்போட முடியாதாம். ஆகவே காலை நடையை முடித்துத் திரும்பும் வண்டிகளுக்கு மதியம் சார்ஜ் ஏற்ற ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, சோதனைக் கொட்டகைக்குள் வைத்திருக்கிறார்கள். வருகிறவர் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்று கொட்டகைக் கதவு எப்போதும் மூடியே இருக்கிறது. புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினால் சாலையிலிருந்து தெரியும் என்பதால், அதன் வாயையும் உள்ளேயே விட்டிருக்கிறார்கள். பின்சுவரில் கூரையை ஒட்டி இருக்கும் நான்கு காற்றுவழிகள் மூலமாகப் புகை என் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த நான்கு காற்றுவழிகளைப் பற்றியும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் கணவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சுவரில் ஓட்டையே கிடையாது. அவர் பல ஆண்டுகள் வாயால் கேட்டுக் கேட்டு, கடைசியில் நான் மனு எழுதி, அவர் கையொப்பமிட்டு, தங்களுக்கு முன்னிருந்த ஒரு பொது மேலாளர் அனுமதி கொடுத்துச் சுவரை உடைத்தார்கள். அதற்குள் அவர் நுரையீரல் கெட்டுவிட்டது. அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தக் காற்றுவழிகள் பயன்பட்டன.

5. நான் இரண்டாம் முறை தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, பார்த்ததைச் சொன்னேன். இந்த முறை நடவடிக்கை உடனே வந்தது. ஒரு கொத்தனார் வந்து, நான்கு காற்றுவழிகளையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனார். நான் முற்றத்தில் நின்று, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சாரத்தின் மேலிருந்து அவர், "உங்களுக்காகத்தான் அம்மா. இனிமே புகை உங்க பக்கம் ஒரு பொட்டு வராது" என்றார். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன வழி என்று கேட்டேன். "அது என் வேலையில இல்லம்மா" என்றார். அவர் சொன்னது நியாயம். அது யார் வேலையில் இருக்கிறது என்று கேட்கத்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

என் புகார் தீர்க்கப்பட்டது என்று என் கைபேசிக்குச் செய்தி வந்தது. சேவையில் திருப்தியா என்றும் அதில் கேட்டிருந்தார்கள்.

6. இப்போது மதியத்தில் வாசனை வருவதில்லை. உறைகள் வெள்ளையாகக் காய்கின்றன. சுவர் மட்டும் மெல்ல அதிர்கிறது. டம்ளரில் வைத்த தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுகிறது. அந்த அதிர்வுக்கு நடுவே ஓர் இருமல் கேட்கிறது.

ஜெனரேட்டரைக் கவனித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் எடுத்த ஒருவர் அந்தக் கொட்டகைக்குள் இருக்கிறார். அவரைப் பணிமனையில் எல்லோரும் ஒல்லி என்கிறார்கள். அவர் இருமல் எனக்குத் தெரிந்த இருமல். முதலில் தொண்டையைச் செருமுவது போல் இருக்கும். பிறகு வறட்டு இருமல். பிறகு, இருமிய பின் மூச்சு திரும்பி வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். நான் ஏழு ஆண்டுகள் காத்திருந்தவள். இப்போது முற்றத்தில், துணிகளுக்கு நடுவில் நின்று மறுபடி காத்திருக்கிறேன். என் மகன் கேட்டால் துணி எடுக்க வந்தேன் என்கிறேன். சில மதியங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் என்பது ஒரு கணம் எனக்கு மறந்துபோகிறது. கண்ணால் பார்த்ததையும் மனதால் நினைத்ததையும் பிரித்து எழுதுவதாகச் சொன்னேன். இது மனதால் நினைத்தது.

வாசலில் அவரைப் பார்த்து, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அம்மா, தொண்டையில தூசி" என்றார். என் கணவரும் எப்போதும் தூசி என்றுதான் சொல்வார். கொட்டகையில் தூசியே இல்லை, நான் பார்த்தேன் என்றேன். சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, நீங்க ஒரு தடவ எழுதினீங்க, ஓட்டைய அடைச்சாங்க. இன்னொரு தடவ எழுதினா என் வேலைய அடைச்சுடுவாங்க. வீட்டுல இப்பதான் கொழந்த பொறந்திருக்கு" என்றார்.

அதனால் நான் எழுதாமல் இருந்தேன்.

7. சென்ற வாரம் வியாழக்கிழமை மதியம் சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது, இருமல் கேட்கவில்லை. நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். இயந்திரம் ஓடுகிறது, ஆள் சத்தம் இல்லை. என் மருமகளைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். தெருவைச் சுற்றி வாசலுக்குப் போய், இப்போது பூட்டியே வைக்கும் கொட்டகையைத் திறக்கும்படி காவலரிடம் சொன்னேன். "உத்தரவு இல்லம்மா" என்றார். உங்கள் பழைய சாரைத் தூக்கிக்கொண்டு வந்த கதவு அது, மறந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார்.

ஒல்லி ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தார். நினைவு இல்லை. காவலரும் ஓட்டுநர் ஒருவரும் அவரை வெளியே இழுத்து வந்து மரத்தடியில் கிடத்தினார்கள். திறந்த கதவிலிருந்து புகை எங்கள் மேல் வந்தது. என் மருமகள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தை, இதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, ஒல்லியின் மூச்சு திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியது. அதற்கு எத்தனை நேரம் ஆயிற்று என்று என்னால் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கு வந்துவிட்டார். கதவு மறுபடி மூடப்பட்டது. அன்றும் இன்றும் இருமல் கேட்கிறது. கேட்கும்வரை நல்லது என்று நினைக்கும் நிலைக்கு நான் வந்துவிட்டேன். எந்த மனிதரும் பக்கத்துச் சுவரைப் பற்றி அப்படி நினைக்கக்கூடாது.

8. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

(அ) போதுமான மின் இணைப்பு வரும்வரை, சார்ஜ் ஏற்ற முடிகிற அளவுக்கு மட்டும் மின்பேருந்துகளை ஓட்டுங்கள். அதற்காகப் பயணிகளோ பத்திரிகைக்காரர்களோ குறை சொன்னால், தாமதத்துக்குக் காரணம் இன்னதென்று அவர்களிடம் சொல்லுங்கள். மின்பேருந்து வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. இந்தக் கொட்டகையை ஒளித்து வைப்பதுதான் மின்பேருந்துகளின் பெயரைக் கெடுக்கும்.

(ஆ) ஒல்லியை நுரையீரல் மருத்துவரிடம் நிர்வாகமே அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். அவரை அந்தக் கொட்டகையிலிருந்து மாற்ற வேண்டும், வேலையிலிருந்து நீக்கக்கூடாது. இந்த மனுவில் அவருக்குப் பங்கில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். இதை எழுதியதால் அவர் வேலை போனால், அந்தப் பொறுப்பைத் தாங்களும் நானும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். என் பங்கை நான் மறுக்கமாட்டேன்.

(இ) இவை நடக்க நாளாகும் என்பதை அறிவேன். அதுவரை காத்திருக்க முடியாத ஒன்று உண்டு. அடைத்த நான்கு காற்றுவழிகளையும் நாளையே உடைத்துத் திறந்துவிடுங்கள். கொட்டகைக் கதவைத் திறந்து வையுங்கள். புகை என் முற்றத்துக்கு வரும். வரட்டும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். துணியை வேறு இடத்தில் காயப்போடுகிறேன். எனக்கு ஜன்னல் இருக்கிறது, அவருக்கு இல்லை. புகை என் பக்கம் வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்.

புகை வந்தால் மதியத்தில் அந்த வாசனையும் என் சமையலறைக்குள் வரும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கிழவி கேட்கிறாள் என்று தெருவில் யாராவது சொன்னால், நான் மறுக்கப் போவதில்லை. தங்கள் மின் இணைப்பு வந்து ஜெனரேட்டர் போகும் நாளில் அந்த வாசனையும் போய்விடும், பிறகு ஒருபோதும் வராது. அதையும் யோசித்துப் பார்த்த பிறகுதான் மின் இணைப்பை விரைவில் தரும்படி கேட்கிறேன்.

9. எனக்குத் தொலைபேசியில் பதில் வேண்டாம். கைபேசிச் செய்தியும் வேண்டாம். காற்றுவழிகள் எந்த நாளில் திறக்கப்படும் என்பதையும், ஒல்லிக்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பதையும் தங்கள் கையொப்பத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பின்தெரு
நாள்: மார்ச் 4, புதன்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மேற்கண்ட முகவரியில் வசிப்பவர்