ராஜா இல்லாத கொலு நகரம்

4 ஜூன் 2007, திங்கள்

இந்த வருஷக் கொலுவுக்குப் புதுசாக ஒரு செட் வேண்டுமாம். மாயாஜால நகரம். சென்னைக் கடைக்காரர் போனில் சொன்னதை எங்கள் செராமிக் யூனிட் முதலாளி மாணிக்கவேல் அண்ணன் வந்து சொன்னார். "பறக்குற வூடு, பேசுற மரம், என்னா வேணாலும் செய்யி நீலாவதி. மாடல் உன் இஷ்டம்."

பிள்ளையாரும் செட்டியாரும் செய்து செய்து கை மரத்துப்போச்சு எனக்கு. என் இஷ்டம் என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன். சொல்லிவிட்டார் இல்லையா, இனி வாபஸ் கிடையாது.

6 ஜூன்

வீடு, மரம், ஆறு எல்லாம் ஆயிற்று. இந்த ஊரில் சட்டம் யார் போடுவது? பொம்மை ஊருக்கு எதற்குச் சட்டம் என்பார்கள். ஆளாளுக்குப் பறந்தால் மோதிக்கொள்ள மாட்டார்களா?

ராஜா கிடையாது. முடிவு பண்ணிட்டேன். வட்டமாக ஒரு சபை, எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருக்கை. யார் வேண்டுமானாலும் சட்டம் சொல்லலாம். ஆனால் சொன்னவர் முதலில் ஒரு மாதம் தான் மட்டும் அதன்படி நடந்து காட்ட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு. ஒரு சட்டத்துக்கு ஒரு பலகை, களிமண்ணில்.

7 ஜூன்

பெயின்டிங்கில் இருக்கும் வீராயி அக்காவிடம் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். "தப்பா ஒரு சட்டம் போட்டுட்டா? பலகையத்தான் சுட்டுட்டியே, எப்புடி அழிப்பாங்க?"

ஐயோ! தோன்றவே இல்லையே. மண் என்றால் அடுத்தது சூளைதான் எங்களுக்கு. பச்சை மண்ணைக் கரைத்து மறுபடி வார்க்கலாம். சுட்டதை உடைக்கத்தான் முடியும்.

9 ஜூன்

பலகையைச் சுடவே கூடாது! ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும், பாதி முடித்த மாடலுக்கு நாங்கள் செய்கிற மாதிரி. வேண்டிய சட்டத்துக்கு யாராவது தினம் தண்ணீர் தெளிப்பார்கள். யாருக்கும் வேண்டாதது காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிடும். செட்டோடு பச்சைக் களிமண்ணையும் பாலிதீன் கவரில் கட்டி அனுப்பினால் போயிற்று. என்னை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப்போகிறார்கள்?

18 ஜூன்

அண்ணன் சாம்பிளோடு சென்னை போய்த் திரும்பினார்.

"எல்லாம் புடிச்சிருக்குதாம். நடுவுல ஒரு ராஜா மட்டும் வச்சிடச் சொல்றாங்க. வட்டமா இருக்கறது கொலுப்படியில நிக்காதாம்."

"அப்ப தரையில வைக்கச் சொல்லுங்கண்ணே. பார்க்கு எல்லாம் தரையிலதான வைக்கிறாங்க."

"பச்ச மண்ண எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"தண்ணி தெளிக்கத் தெரிஞ்சவன் வாங்குவான்."

முறைத்தார். "பழைய ராஜா அச்சு இருக்குது. நாளைக்கு ஊத்திடு."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போனால்? போனா போவுது! வூட்டுல ஒருத்தர் அதிகாரம், யூனிட்டுல ஒருத்தர் அதிகாரம், நான் பண்ணுன ஊருலயுமா? முடியாதுன்னா முடியாதுதான்.

19 ஜூன்

ஊற்றவில்லை.

28 ஜூன்

அண்ணனே ஊற்றி, சூளையில் வைத்து எடுத்த ராஜாவை இன்று வீராயி அக்காவிடம் நீட்டினார், கண் வரையச் சொல்லி. அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "நீலா ஊருல ராஜா கெடயாதுங்க. நான் வரைய மாட்டேன்." பக்கத்தில் கனகாவும் வைத்தாள். அப்புறம் மேஜை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டது. நான் யாரையும் கேட்கவில்லை! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழுவேனா நான்?

"பேசிப் பேசித்தான் கெட்டுப்போயிட்டீங்க. நாளையிலேருந்து வேலை நேரத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது!" என்று கத்தினார்.

"சரிங்க," என்றாள் வீராயி அக்கா. "சொன்னவங்க மொதல்ல ஒரு மாசம் நடந்து காட்டுங்க."

29 ஜூன்

வீம்புக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன். பத்து மணிக்கு வேப்பூரிலிருந்து லாரிக்காரன் போன் செய்தான், சரக்கை வேறு ஊரில் இறக்கிவிட்டானாம். அண்ணன் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பும்தான்.

2 ஜூலை

ராஜா இல்லாமலே அனுப்புகிறாராம். "திரும்பி வந்துதுன்னா உனக்கு இங்க வேலை இல்ல." சரி என்றேன். வேறென்ன சொல்வேன்?

14 அக்டோபர், ஞாயிறு

செட் எதுவும் திரும்பி வரவில்லை. வேலையும் இருக்கிறது.

அண்ணன் வீட்டுக் கொலுவுக்கு வீராயி அக்காவும் நானும் போனோம். நகரம் தரையில் இருந்தது. அண்ணன் சம்சாரம் அம்புஜவல்லி அக்கா சுண்டல் கொடுத்துவிட்டு, ஈரத்துணியை விலக்கிப் பலகையைக் காட்டினார். 'தின்ற தட்டை அவரவர் கழுவணும்' என்று எழுதியிருந்தது.

"கொலு வைக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். ஒரு மாசம் நான் என் தட்ட மட்டுந்தான் கழுவுனேன். நேத்தோட முடிஞ்சிது," என்றார்.

பின்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றது. அண்ணன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார்.

"இது எப்ப காயும் நீலாவதி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்புஜவல்லி அக்கா சொம்பை எடுத்துத் தண்ணீர் தெளித்தார்.