படங்களை அழித்த பிறகும் ஓடிய கதை

தோழிக்கு,

நேற்று ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறையில் இருந்தேன். திரையில் படங்கள் ஓட, ஒரு பிள்ளையின் குரல் ஆங்கிலத்தில் கதை சொன்னது. "இதுதான் டிஜிட்டல் கதைசொல்லல். எங்கட பக்கத்துக்குப் புதுசு" என்றார் பயிற்றுநர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. புதுசாம்! போர்க்காலத்தின் கடைசி வருடங்களில், கிண்ணியாவில் இருந்து படகுப்பாதையில் ஏறிக் கடலைக் கடந்து படிப்பிக்க வந்து, இதைத்தானே நீங்கள் எங்கள் துறைமுக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் செய்தீர்கள்?

கத்தாரில் இருந்து உங்கள் தம்பி அனுப்பிய சின்னக் கமரா, பள்ளிக்கூடத்தின் ஒரேயொரு கணினி. நம்மிடம் இருந்தது அவ்வளவுதான். ஆங்கில தினப் போட்டிக்கு மற்றப் பள்ளிக்கூடங்கள் தாய்நாட்டைப் பற்றிய பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தன. நீங்களோ பத்தாம் வகுப்பிடம், "உங்கட வீட்டக் காட்டுங்க, உங்கட கதையச் சொல்லுங்க" என்றீர்கள். வகுப்பில் வாயே திறக்காத சுகந்தி முதல் ஆளாகக் கையை உயர்த்தினாள். போருக்காகப் போட்டிருந்த கடல் தடையால் அவளுடைய அப்பா மீன்பிடித் தொழிலுக்குப் போக முடியாமல் இருந்த காலம் அது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் கீழே கோழி அடைகாக்கிற கதையைத் தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதி, கணினியில் பேசிப் பதிந்தாள்.

படம் எடுக்க நாம் இருவரும் உட்துறைமுகக் கரையோரம் இருந்த அவள் வீட்டுக்குப் போனோம். வள்ளம் மட்டும் படத்தில் விழவேண்டும் என்று எவ்வளவோ குனிந்தீர்கள், வளைந்தீர்கள். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் கமராவை வாங்கிப் பார்த்த சிப்பாய், "பின்னால துறைமுகம் இருக்கு, மிஸ்" என்று எல்லாப் படங்களையும் அழித்தான். நீங்கள் அவனைப் பார்த்து, "இந்த ஊருல எந்தப் பக்கம் திரும்பினாலும் துறைமுகம்தானே தம்பி! கடல எங்க கொண்டு ஒளிக்கிற?" என்று கேட்டீர்கள். அவன் கமராவைத் திருப்பித் தந்தான். படங்கள் போனது போனதுதான்.

அதிபர் பயந்துபோனார். "படமில்லாமல் என்ன படக்கதை? அந்தப் பிள்ளைக்கு ஒரு பேச்சைப் பாடமாக்கி விடுங்கோ. வீண் பிரச்சினை வேண்டாம்." சுகந்தி அழுதுவிட்டாள். அவள் கதை இனி மேடை ஏறாது என்றுதான் நானும் நினைத்தேன்.

"அழிச்சது படத்த. அவட குரல ஒருத்தரும் அழிக்கல்ல, சேர்" என்றீர்கள்.

போட்டியன்று திரை கறுப்பாகவே இருந்தது. மண்டபம் முழுக்க அவள் குரல் மட்டும். அப்பாவின் வள்ளம், அதன் கீழ் கோழி, "இந்த வருசம் வள்ளத்தில பிடிபட்டதெல்லாம் கோழிக்குஞ்சுதான்" என்ற அப்பாவின் பகிடி. நடுவராக வந்த கல்விக் கந்தோர் அதிகாரி முகத்தைச் சுளித்து, படம் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதற்கு நாம் அவளுக்குப் பதில் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எழுந்து நின்று, ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "படத்தை ஆமி அழித்துவிட்டது, சேர். வள்ளம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வந்து பாருங்கள்."

பின்வரிசையில் ஆமிக்காரரும் இருந்தார்கள். நீங்கள் எழும்பி, தனி ஆளாகக் கைதட்டினீர்கள். பிறகு நான். பரிசு வேறொரு பள்ளிக்கூடத்தின் தாய்நாட்டுக்குப் போனது.

நோய் உங்களைக் கொண்டுபோன பிறகு எத்தனையோ பெருநாள் கடந்துவிட்டது. இன்றைக்கும், பெரியவர்களுக்குப் பிடிக்காத ஒன்றை ஒரு பிள்ளை தன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடுங்கி நின்றால், பின்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எழும்பிக் கைதட்டிவிடுகிறேன்.