எந்த முன்னாடி?

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

அன்போடும் கொஞ்சம் எரிச்சலோடும் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

எரிச்சல் உங்கள் மேல் இல்லை, விமானத்தின் மேல். போனில் கேட்டுவிடலாமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்களிடம் எதையாவது முழுசாகப் பேச முடிகிறதா? சின்னவன் போனைப் பிடுங்கி உங்களுக்கு ஆடுகிற பல்லைக் காட்டுகிறான். அவனிடமிருந்து பெரியவள் பிடுங்குகிறாள். அதற்குள் லைன் போய்விடுகிறது. லைன் நன்றாக இருக்கும் நாளிலும் உங்களிடமிருந்து "சரி, சரி"யைத் தவிர ஒன்றும் வருவதில்லை. உங்களோடு வேலை பார்க்கும் டிரைவர் தம்பி லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பினால் நான் எழுதியதாவது பாதியில் அறுந்துபோகாமல் வந்து சேரும்.

போன வாரம் பேசினோமே, நினைவிருக்கிறதா? டிக்கெட் கைக்கு வந்துவிட்டது, பெரியவளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கிளம்பி வருகிறோம் என்றேன். கூடவே, மற்றவர்களுக்கு முந்தி விமானத்தில் ஏறுவதற்குத் தனியாகப் பணம் கட்டலாமாம், கட்டட்டுமா என்றும் கேட்டேன். உடனே கரகரவென்று சத்தம். அதற்குள்ளிருந்து எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "முடிஞ்சா முன்னாடி... பாரு. காசு கூட ஆனாலும் பரவாயில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்து, தையல்தான் செருப்பு என்கிற நிலைமைக்குக் கொண்டுவருகிற மனுஷன் நீங்கள். உங்கள் வாயிலிருந்து காசு போனாலும் பரவாயில்லை என்று வந்தால் அதில் ஏதோ முக்கியமான விஷயம் இருக்க வேண்டும் என்று, மறுநாளே முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு டிக்கெட் ஆபீசுக்கு ஓடினேன். மருந்துக் கடைக்கு மேலே, ஏசியின் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருக்குமே, அந்த அறைதான். அங்கே இருக்கும் பெண்ணிடம், முன்னாடிக்குப் பணம் கட்ட வந்திருக்கிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த முன்னாடி அக்கா?"

முன்வரிசை சீட்டில் உட்காருவது ஒன்றாம், மற்றவர்களுக்கு முன்னால் ஏறுவது இன்னொன்றாம், பயணத் தேதியை முன்னாடி கொண்டுவருவது வேறொன்றாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் தனித்தனி. தேதியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏறுவதற்குத்தான் கேட்கிறேன் என்று தினமும் விமானத்தில் போய்வருகிறவள் மாதிரி சொன்னேன். சரி, முதலில் ஏறினால் முன்னால் உட்காரலாமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். நம் சீட்டு ஏறக்குறைய வாலில். ஆக, எல்லோருக்கும் முதலில் ஏறி, எல்லோருக்கும் பின்னால் போய் உட்காருவதற்குப் பணம். சிறு குழந்தைகளோடு வருகிறவர்களைச் சில சமயம் சும்மாவே முதலில் கூப்பிடுவார்களாம். எங்களைக் கூப்பிடுவார்களா என்றால், அன்றைக்கு வாசலில் நிற்கிறவரைப் பொறுத்தது என்கிறாள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. யோசித்து வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் மகளைப் பார்க்கப் போனபோது கடைசி ஆளாக ஏறியிருக்கிறார். தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். மாத்திரை இருந்த கைப்பெட்டியைக் கீழே சரக்கோடு போட எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இறங்கும்வரை அழாத குறை. ரெண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த அவஸ்தை வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடு என்கிறார்.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியைக் கேட்டால் நேர் எதிர். சீட்டு நம்பர் போட்டாயிற்று, எவன் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்கிறார். சீக்கிரம் ஏறினால் அவ்வளவு நேரம் கூடுதலாக அடைந்து கிடக்க வேண்டும், உன் சின்னவனுக்கு அது தாங்குமா என்று கேட்கிறார். அவர் ஒரு வழியும் சொன்னார். புருஷன் பெட்டிகளோடு முதலில் ஏறி இடம் பிடித்துவிட வேண்டுமாம். மனைவி பிள்ளைகளை வெளியே ஓடவிட்டு, கடைசி அழைப்புக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். நல்ல யோசனைதான், ஆனால் அந்தப் புருஷனிடம் போவதற்குத்தானே விமானமே ஏறுகிறேன், முதலில் ஏறுவதற்கு இன்னொருவரை எங்கே தேடுவேன் என்றேன். இருமிக்கொண்டே பிரேம் துடைக்கப் போய்விட்டார்.

ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நான் என்ன செய்வேன்? வீட்டிலேயே சோதனை பண்ணிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சின்னவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, இடுப்பில் துண்டைக் கட்டினேன். பெரியவள்தான் விமானப் பணிப்பெண். முதலில் சீக்கிரம் ஏறுகிற மாதிரி. துண்டை அவிழ்த்து, நாற்காலிக்கு அடியில் புகுந்து, பின்பக்கமாக வெளியே வந்துவிட்டான். பிறகு கடைசியில் ஏறுகிற மாதிரி. அதற்குள் பெரியவள் அலமாரித் தட்டு முழுக்கத் தலையணையை அடைத்துவைத்து, மற்ற பயணிகள் பெட்டி வைத்துவிட்டார்கள், உங்களுக்கு இடமில்லை மேடம் என்று சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு அக்கா சொன்னதும் சரி, முதலாளி சொன்னதும் சரி. தொடங்கிய குழப்பத்திலேயே நின்றேன்.

மற்ற செய்திகள். சின்னவனுக்கு முன்பல் இன்றைக்கோ நாளைக்கோ. பெரியவள் தன் பெட்டியை இப்போதே அடுக்கிவிட்டு, தினமும் அதிலிருந்து எடுத்துத்தான் உடுத்துகிறாள். அங்கே உங்களுக்கு ராஜ உபசாரம் போலிருக்கிறதே! அன்றைக்கு உங்கள் அறை நண்பர் டீ டம்ளரை உங்கள் வாய் வரைக்கும் கொண்டுவந்தார், போனில் என்னைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் இப்படித்தான். லிப்ட் ரிப்பேருக்கு மேலே ஏறி வேலை செய்வதை விட்டு, கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று டிரைவர் தம்பி சொன்னார். இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

முன்னாடி ஏறுவதா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்.

இதுவரை நேற்று மதியம் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. மடித்து உறையில் போட்டு வைத்திருந்தேன். இப்போது மறுபடி பிரித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

காலையில் பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று, முன்னாடி ஏறினால் முன்னாடி போய்ச் சேர்ந்துவிடுவோமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் முதலில் ஏறினாலும் எல்லோரும் ஒன்றாகத்தான் போய் இறங்குவோம் என்றேன். அவள் கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.

"அப்புறம் ஏம்மா அப்பா முன்னாடி வரப் பாருன்னு சொன்னாரு?"

போன் அவள் கையில் அல்லவா இருந்தது? இரைச்சலில் எனக்குக் கேட்காமல்போன வார்த்தை அவள் காதில் சரியாக விழுந்திருக்கிறது. அப்பா ஏறச் சொன்னாரா, வரச் சொன்னாரா, நன்றாக நினைவுபடுத்திச் சொல் என்று அவளை உலுக்கி எடுத்துவிட்டேன். வரப் பாரு என்றுதான் சொன்னாராம், சத்தியம் பண்ணுகிறாள். நான் பாதிப் பின்னலோடு அவளை விட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். உறையைப் பிரித்தேன்.

நேற்று சிரித்துக்கொண்டே எழுதியதையெல்லாம் மறுபடி படித்துப் பார்த்தேன். டம்ளரை ஏன் இன்னொருவர் பிடிக்க வேண்டும்? சட்டைக்கு இஸ்திரி போடாமல் வாசலைத் தாண்டாத மனுஷனுக்குப் பொத்தான் எப்படித் தப்பும்? சின்னவனுக்கு டாட்டா காட்டினீர்களே, அது எந்தக் கை? போனில் இடமும் வலமும் மாறித் தெரியும், அது வலது கையாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் சட்டைப் பை இருந்த பக்கத்துக் கை அது. பை எப்போதும் இடது பக்கம்தானே? கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், வலது லென்ஸ் எது, இடது லென்ஸ் எது என்று அடையாளம் போடாமல் பிரேமில் ஏற்றமாட்டேன். அந்த நான், என் வீட்டுக்காரரின் வலது கை இத்தனை நாளாகப் போனுக்குள் ஒரு தடவையும் வரவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். நான் தப்பாகக் கூட்டிக் கழித்திருந்தால் நன்றாகச் சிரியுங்கள், கேலி பண்ணுங்கள், எவ்வளவு நாளைக்கு வேண்டுமானாலும் சொல்லிக் காட்டுங்கள். எனக்கு அதுதான் வேண்டும். போன் பண்ணிக் கேட்கத்தான் முதலில் எடுத்தேன், வைத்துவிட்டேன். கேட்டால் ஒன்றுமில்லை என்று பூசி மெழுகுவீர்கள், நானும் பிள்ளைகள் முன்னால் சரி சரி என்பேன். டிரைவர் தம்பியையும் கேட்கப் போவதில்லை. நேற்று உங்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். உங்களிடம் வாக்குக் கொடுத்திருப்பார், பாவம்.

அந்தப் பெண் மூன்று முன்னாடி சொன்னாளே, நான் வேண்டாம் என்று தள்ளிவிட்டதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேரே அவளிடம் போகிறேன். எந்த விமானத்தில் முதலில் இடம் இருக்கிறதோ அதில் தேதியை மாற்றச் சொல்லப் போகிறேன். பரீட்சையைப் பிறகு எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்பேன், முடியாது என்றால் போகட்டும். முதலாளியிடம் லீவு கேட்கப் போவதில்லை, சொல்லிவிட்டு வரப் போகிறேன். முதலில் ஏறுவதற்கு ஒரு பைசா கட்டமாட்டேன். வரிசையில் கடைசியில் நின்றாலும், பெட்டி கீழே போனாலும், சின்னவன் நாற்காலிக்கு அடியில் புகுந்து எந்தப் பக்கம் வெளியே வந்தாலும் கவலையில்லை. முன்னாடி ஏறி என்ன ஆகப்போகிறது, முன்னாடி கிளம்பினால்தானே உங்களிடம் முன்னாடி வர முடியும்?

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விமான நிலைய வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். சின்னவன் இதுவரை உங்களைப் போனுக்குள் மார்புவரைதான் பார்த்திருக்கிறான். அப்பா எப்படி இருந்தாலும் சரி, அவன் முழுசாகப் பார்க்கட்டும். நானும் பார்க்க வேண்டும். அதுவரை சட்டைப் பொத்தான் எப்படி இருந்தாலும் இருக்கட்டும், நான் வந்து போட்டுவிடுகிறேன்.

தொடக்கத்தில் நலமறிய ஆவல் என்று எழுதியது வழக்கத்துக்கு எழுதியது. இது அப்படி இல்லை. உங்கள் நலமறிய ஆவல்.

வந்துகொண்டே இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி