வாம்பட் குடிலின் எட்டாம் விதி

கடித எண் 1
7 ஆகஸ்ட் 1994, ஞாயிறு, காலை 6.40 மணி
வாம்பட் குடில், ஃபால்ஸ் கிரீக் பனிமலை, ஆஸ்திரேலியா

அன்புள்ள க்ளெனிஸ்,

நீ காலையில் காலி செய்த குடிலுக்குள் நேற்று மாலை நான் நுழைந்தேன். உன் வாரம் முடிந்து என் வாரம் தொடங்கும் சனிக்கிழமைகளில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதை, நாம் பிரிந்த இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நான் கற்றிருக்க வேண்டும், கற்கவில்லை. கஞ்சிப் பாத்திரம் அடிப்பிடித்துக் கிடந்தது. அதில் தண்ணீரை ஊற்றி, ‘ஊறட்டும்’ என்று ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறாய். யாருக்காக ஊறுகிறது? பனிச்சறுக்குப் பலகைக்குப் பூசும் மெழுகு சாப்பாட்டு மேசையில் அப்பியிருக்கிறது. விறகுப் பெட்டி காலி. அடுத்து வருபவருக்கு ஓர் இரவுக்கான விறகையாவது பிளந்து வைத்துவிட்டுப் போவது இந்த மலையில் குடில் வைத்திருக்கும் எல்லாப் பனிச்சறுக்குச் சங்கங்களும் காக்கும் மரியாதை. நானோ கொட்டும் பனியில் கோடரியுடன் நின்றேன். பக்கத்துக் குடிலின் மேலாளர் ஐவோ தன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“என்ன மெர்வ், இந்த வருஷமும் காலிப் பெட்டியா?”

“பாத்தா தெரியலையா?”

“பிரிஞ்சு போன பொண்டாட்டிய இவ்வளவு திட்டுற ஆளையும் நான் பாத்ததில்ல. அவ போன அன்னைக்கே வந்து நிக்கிற ஆளையும் பாத்ததில்ல.”

இத்தகைய பேச்சுக்கெல்லாம் என்னை ஆளாக்குகிறாய்.

இனி முக்கியமான செய்தி. நம் சங்கத்தின் இலையுதிர்கால வேலை நாள்கள் 17 ஏப்ரல் 1993, 16 ஏப்ரல் 1994 ஆகிய இரண்டுக்கும் நீ வரவில்லை. கூரையைப் பழுதுபார்க்கவும் விறகு அடுக்கவும் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வராதவரின் பெயர் நீக்கப்படும். அதன்பின் அவருக்குக் குடிலில் இடமில்லை. வேலை நாள் பொறுப்பாளன் என்ற முறையில், 31 ஆகஸ்ட் கூட்டத்தில் அந்தப் பெயர்களை வாசிக்க வேண்டியவன் நான். உன் தந்தையும் நீயும் 1957ஆம் ஆண்டுக் கோடையில் பலகைகளை முதுகில் சுமந்து கட்டிய குடிலிலிருந்து உன் பெயரை நானே நீக்க வேண்டும் என்கிறாயா? தகுந்த காரணம் இருப்பின் 24ஆம் தேதிக்குள் எழுதவும்.

இப்படிக்கு,
மெர்வின் ஹாலரன்


மெல்பர்ன்
ஆகஸ்ட் 16, செவ்வாய்னு நினைக்கிறேன்

மெர்வ்,

வருஷா வருஷம் வர்ற அதே கடிதம் வந்து சேர்ந்துச்சு. பாத்திரம் மட்டும்தான் மாறுது. போன வருஷம் வாணலி.

காரணம் கேட்டே இல்ல, சொல்றேன். இடுப்பு. ரெண்டு வருஷமா தேஞ்சுக்கிட்டே வருது. கோடரியைத் தொடாதேன்னுட்டார் டாக்டர். சறுக்குறதையும் விட்டாச்சு. மெழுகு பூசினது கூட என் தங்கை மகளோட பலகைக்குத்தான். அவளும் வெள்ளிக்கிழமையே வேலை இருக்குன்னு இறங்கிப் போயிட்டா. வாரம் பூரா ஜன்னல் ஓரமா உக்காந்து, சரிவுல ஜனங்க விழுறதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு.

இதை வேலை நாள்ல வந்து எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? பாவம்னு ஒரு நாற்காலியில உக்கார வச்சு, “க்ளெனிஸ், நீ டீ மட்டும் ஊத்தும்மா”ன்னு சொல்லுவானுங்க. அதுக்கு நான் வீட்லயே இருந்துக்கிறேன்.

பதினஞ்சு வருஷத்துல ஒரு கடிதத்துலயாவது “எப்படி இருக்கே”ன்னு கேட்டிருக்கியா நீ?

பேரை வாசிச்சிடு. அந்த இடம் போனா எனக்கு என்ன ஆகும்னு உனக்கே தெரியும், அதை எழுத வைக்காதே. ஆனா எனக்காக விதியை வளைன்னு உன்கிட்ட கேக்க மாட்டேன். உனக்கு வளைக்கவும் தெரியாது.

அப்புறம், 1980ல நீ கேட்ட விவாகரத்து. நான் தள்ளிப்போட்டேன், நீயும் அதுக்கப்புறம் கேக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து போடுற விண்ணப்பத்தை இதோட வச்சிருக்கேன். என் கையெழுத்தைப் போட்டாச்சு, உன்னோடதைப் போட்டு அனுப்பிடு. குடிலையும் உன்னையும் ஒரே மூச்சுல விட்டுடறேன். நீயும் நிம்மதியா இரு.

க்ளெனிஸ்


கடித எண் 2
1 செப்டம்பர் 1994, வியாழன், காலை 9.15 மணி
வாங்கரட்டா

அன்புள்ள க்ளெனிஸ்,

உன் கடிதத்தில் ஆண்டு குறிப்பிடப்படவில்லை.

எப்படி இருக்கிறாய்? இதற்கு ஒரு வரியில் பதில் எழுதாதே. எந்தப் பக்க இடுப்பு, எந்த மருத்துவர், அறுவைச் சிகிச்சை உண்டா, உண்டெனில் என்றைக்கு என்று விவரமாக எழுது. இரண்டு ஆண்டுகளாக வலியை மறைத்துக்கொண்டு, ஒரு வாணலிக்காக என்னைக் கத்த விட்டிருக்கிறாய். இப்படியும் ஒருவர் ஒருவரை ஏமாற்றுவது உண்டா?

நேற்றைய கூட்டத்தில் பெயர்களை வாசித்தேன். உன் பெயர் வந்ததும், எட்டாம் விதியையும் சேர்த்து வாசித்தேன்: கணவன், மனைவி இருவரில் ஒருவர் வேலை நாளுக்கு வந்தால் இருவரும் வந்ததாகக் கொள்ளப்படும். அந்த இரண்டு நாள்களிலும் நான் இருந்தேன். தலைவர் ஆஸ்வால்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“யோவ் மெர்வின், அவ இன்னும் உன் பொண்டாட்டியா?”

“சட்டப்படி ஆமா.”

“அப்புறம் எதுக்குய்யா பதினஞ்சு வருஷமா ஆளுக்கொரு வாரம் கேட்டு எங்க உசுர வாங்குனீங்க?”

“அதுக்கு எந்த விதியும் தடை சொல்லல.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீ ஊகித்துக்கொள்ளலாம். உன் இடுப்பைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன் பெயர் நீக்கப்படவில்லை.

உன் விண்ணப்பத்தில் நான் கையொப்பமிட்டு, நீதிமன்றமும் அதை ஏற்றிருந்தால், குடிலில் உனக்கிருக்கும் கடைசி வழியும் அடைபட்டிருக்கும். ஒரு தாளை அனுப்புமுன் விதிகளைப் படித்துப் பார்க்க மாட்டாயா? நிம்மதியாக இரு என்கிறாய். 1980இல் நான் கேட்டது கோபத்தில். அதன்பின் கேட்காமல் இருந்தது கோபத்தில் அல்ல.

இன்னொன்று. விறகு பிளக்க முடியாதவர் தனியே ஒரு வாரம் அந்தக் குடிலில் தங்குவது ஆபத்து. ஆகவே இந்த ஆளுக்கொரு வார ஏற்பாடு இனி நடைமுறைக்கு ஒவ்வாது. ஜன்னலோர நாற்காலியை நீயே வைத்துக்கொள். பாத்திரங்களை நான் கழுவிக்கொள்கிறேன். நீ அவற்றின் அருகில் போகாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

இப்படிக்கு,
மெர்வ்

இணைப்புகள்:
1. நீ அனுப்பிய விண்ணப்பம், என் கையொப்பமின்றி.
2. எட்டாம் விதியின் நகல், படிப்பதற்கு.
3. 1995ஆம் ஆண்டுக்கான முன்பதிவுத் தாள், ஒன்று மட்டும்: 5 ஆகஸ்ட் முதல் 12 ஆகஸ்ட் வரை, இருவர், ஒரே அறை, அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு உனக்கு. என் பெயரை மையால் எழுதியிருக்கிறேன். உன் பெயரைப் பென்சிலால் மட்டுமே எழுதியிருக்கிறேன். அதன்மேல் மை போடுவதும் அழிப்பதும் உன் விருப்பம்.