பைலட் மேல் தப்பில்லை, மதினி

மதினி, உங்கள் டிவி ரிமோட் இப்போது என் கையில் இருக்கிறது. நீங்கள் சுற்றிவைத்த பிளாஸ்டிக் கவரையும் ரப்பர் பேண்டையும் நான் கழற்றவில்லை. பொத்தான் இடுக்கில் நீங்கள் வறுத்த கடலையின் உப்புகூட அப்படியே ஒட்டியிருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, நாம் வாராவாரம் பார்த்த விமான விபத்துத் தொடர் முடிந்துவிட்டது. முடிவை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பைலட் மேல் தப்பே இல்லை! நீங்கள் முதல் வாரமே சொன்னீர்களே, அதேதான்!

அன்றைக்கு நான் சேனலை மாற்றப் போனேன். வெடுக்கென்று ரிமோட்டைப் பிடுங்கினீர்கள். "மாமியா மருமக சண்டையத்தான் தெனமும் பாக்கோமேத்தா. வானத்துல பறந்தது ஏன் விழுந்துச்சுன்னு பாப்போம்." அதற்கப்புறம் விபத்தை விசாரிக்கிற அந்த அதிகாரிகளுக்கே நீங்கள்தான் மேலதிகாரி. "ஏலே, அந்த றெக்கையத் திருப்பிப் பாருலே!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவீர்கள். நான் சிரித்தால் தொடையில் ஒரு கிள்ளு விழும்.

உடைந்த துண்டுகளையெல்லாம் ஒரு பெரிய கொட்டகையில் விமானம் போலவே அடுக்கினார்கள். அந்த வாரம் மட்டும் நீங்கள் கத்தவில்லை. "எம்புட்டுப் பொறுமையாப் பொறுக்குறாக பாரு. நம்ம கம்பெனியில மறுநாளே மண்ணை அள்ளி நிரவிட்டாக."

அண்ணனைத்தான் நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தீபாவளி சீசனில் நம் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறை வெடித்து அண்ணன் போனபோது, மருந்துத் தட்டைத் தூக்காமல் தரையில் இழுத்தார், உரசித் தீப்பிடித்தது என்று போர்மேன் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. "நெறமாசக்காரியத் தூக்குற மாதிரில்ல அவுக தட்டைத் தூக்குவாக" என்று நீங்கள் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

கருப்புப் பெட்டி ஆரஞ்சு நிறத்தில் இருந்ததற்கு அரைமணி நேரம் சண்டை போட்டீர்களே, நினைவிருக்கிறதா? கடைசியில், "நம்ம மருந்து ரூமுல இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றீர்கள். மதினி, அந்தப் பெட்டி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் போன அன்றைக்கு வெயிலில் மருந்து காய்ந்துகொண்டிருக்கும்போதே மழை இருட்டியது. காய்ந்த தட்டை நிழலில் ஆறவைத்துத்தான் அறைக்குள் கொண்டுபோக வேண்டும். "லோடு நிக்குது, சூடா இருந்தாலும் உள்ள அடுக்குங்க" என்று போர்மேன் விரட்டினார். கடைசித் தட்டை வாசல்வரை தூக்கிப்போனது நான். உள்ளங்கை பொசுங்கியது. அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "இன்னும் ஆறலையேத்தா. நீ தள்ளிப் போய் நில்லு" என்றார். நான் வேப்பமரம்வரைதான் போயிருப்பேன், வெடித்துவிட்டது.

அதிகாரிகள் வந்து கேட்டார்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அப்புறம் உங்கள் முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நாம் சேர்ந்து பார்த்த கடைசி வாரம் நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள். விமானத்தைப் பழுதுபார்த்த மெக்கானிக்கை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "இவன் என்னமோ மறைக்கான். மெரட்டிக் கேட்டா வராது. அவனாச் சொல்லுவான் பாரு" என்றீர்கள். அப்போது நீங்கள் டிவியைப் பார்க்கவில்லை மதினி. என்னைத்தான் பார்த்தீர்கள்.

அவன் சொல்லிவிட்டான்! கடைசி வாரம் தானாகவே எழுந்து நின்று, பழுதான பாகத்தைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடச் சொன்னது யாரென்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். பைலட்டின் மனைவி அழுதாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்து வீட்டில் எட்டிப்பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் கம்பெனியில் புதிதாக வந்த பெண்களுக்குப் போர்மேன் வழக்கம்போல ஆரம்பித்தார். "தட்டை இழுக்காதீக. முன்னால ஒருத்தர் இழுத்துத்தான் செத்தாரு."

"அவுக இழுக்கலை" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "தட்டு கொதிச்சுச்சு. தூக்கிட்டு வந்து குடுத்தது நான். ஆறாம அடுக்கச் சொன்னது நீங்க."

அவர் முகம் கறுத்தது. "இம்புட்டு நாளா எங்க போயிருந்தே?"

"இங்கனதான் இருந்தேன். பயந்துக்கிட்டு இருந்தேன்."

வேலை இருக்குமா தெரியவில்லை. இருந்தாலும் நெஞ்சு குதிக்கிறது மதினி, சின்னப்பிள்ளை போல. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தட்டின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். ஒரு தட்டு சுட்டது. அதை நிழலில் வைத்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேப்பமரம்வரை போய் நின்றேன். அண்ணன் என்னைப் போய் நிற்கச் சொன்ன தூரம் அது.