ஆறு நாள் விரதமும் ஆறு கிலோ கோழியும்

செப்ரெம்பர் 12, 2005. திங்கள்

வலது பெருவிரல் வீங்கிப்போய்க் கிடக்கிறது. எங்கள் கடையில் கோழி வெட்டுவது என் புருஷன், உரிப்பது இவர், விரல் வீங்குவது எனக்கு. மஃரிப் தொழுதுவிட்டுப் போனைத் தூக்கினால் சோறு தின்னும் நேரம் வரைக்கும் ஒரே மெசேச்தான். "அக்கா, நாளைக்குக் கோழி வேணுமோ, எத்தனை கிலோ?" இங்கிலீஷ் எழுத்தில் தமிழை நெரித்து நெரித்து ஊர் முழுக்க அனுப்ப வேண்டும். பதில் வந்தால்தான் விடிய எத்தனை கோழிக்குப் பிஸ்மி சொல்வது என்று இவருக்குத் தெரியும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பவும் ஏலாது. கமலாட்சி ரீச்சர் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் ஒன்றும் இல்லை. விமலேஸ்வரி அக்கா வீட்டில் செவ்வாயும் இல்லை. இன்னொருவர் தாய்க்குப் பூரணை விரதம் பிடிக்கிறார், தகப்பனுக்கு அமாவாசை. வவுனியாவில் எந்த வீட்டுச் சட்டி எந்த நாளில் மரக்கறிச் சட்டி என்பது முழுக்க என் மண்டைக்குள் கிடக்கிறது. மறுமையில் இதைத்தான் கேட்பார்கள் என்றால் நான் நேரே சுவர்க்கம்.

செப்ரெம்பர் 15, வியாழன்

சந்தியில் வீரகத்தி என்று ஒருவர் ஐஸ் கோழிக் கடை திறந்திருக்கிறார். மனிசன் நல்ல மனிசன்தான், நெற்றி நிறையத் திருநீறு. ஆனால் அவருடைய பிறீசரைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஒரு ஆளைப் படுக்க வைக்கலாம். எங்கள் கோழியை விட விலையும் குறைவு.

இரவுச் சாப்பாட்டில் இவர் சொன்னார்: "பெருநாள் முடிஞ்சும் வியாபாரம் இப்பிடியே எண்டால் புத்தளத்துக்கே போயிடுவம். நாநா உப்பளத்திலை ஒரு வேலை பாத்து வைச்சிருக்கிறாராம். அறையும் சும்மாதான் கிடக்காம்."

அறை. இவரின் அண்ணன் நாநா வீட்டுப் பின்னறை. அதற்குப் பக்கத்தில் மதினியின் குசினி. தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டுப் போய், இரண்டு வருஷத்துக்கு முன்னர் இங்கே வரும் வரைக்கும் அந்தக் குசினியில்தான் என் இளமை வெந்தது. "நஸ்மியா, பாலிலை தண்ணி கூடிப்போச்சு." "நஸ்மியா, வெங்காயம் இப்பிடியோ வெட்டுறது?" ஒரு நாள் தவறாமல். மதினி கெட்டவா இல்லை. கெட்டவாவாய் இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

நான் போகமாட்டேன். இந்தக் கடை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒக்ரோபர் 2, ஞாயிறு

தங்கச்சி நிஹ்லா வந்தாள். கொம்பியூட்டர் சென்ரரில் படிப்பிக்கிறாள், அந்தத் தடிப்புக் கொஞ்சம் இருக்கிறது. என் விரலைப் பார்த்துவிட்டு, "ராத்தா, நீங்கள் இன்னும் கையாலயோ அனுப்புறீங்கள்?" என்று கேட்டாள், நான் இன்னும் உரலில் மா இடிக்கிறேன் என்ற மாதிரி.

போனை வயரால் கொம்பியூட்டரில் கொழுவினால் அதுவே எல்லா நம்பருக்கும் ஒரே மெசேச்சைக் குறித்த நேரத்துக்கு அனுப்புமாம். வருகிற பதிலையும் வாசிக்குமாம். சென்ரரில் கழித்துப்போட்ட கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டு வந்து தருகிறாளாம். இவர் கேட்டார்: "அது கோழியும் உரிக்குமோ?"

ஒக்ரோபர் 16, ஞாயிறு

வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, நோன்பு திறக்கிற கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது.

நிஹ்லா சட்டம் போட்டிருக்கிறாள். வியாழன் பின்னேரம் ஒருவருக்கும் போகாது, அடுத்த நாள் வெள்ளி என்பதால். பதிலில் ஒரு இலக்கம் இருந்தால் அதுதான் கிலோ. இலக்கம் இல்லாத பதிலைக் கணக்கில் எடுக்காது. கிலோவைப் பதிந்ததும் "உங்கள் ஓடர் கிடைத்தது, காலையில் வீட்டுக்கு வரும், நன்றி" என்று திருப்பி அனுப்பும். விடியப்புறம் இவர் எழும்பும்போது பேப்பரில் அடித்து வைத்திருக்கும்.

செவ்வாய்க்காரர், பூரணைக்காரர், அமாவாசைக்காரர் என்னவாவது என்று கேட்டேன். "அவைக்கு வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு எழுதுவினம்தானே, ராத்தா." சரிதான் என்று பட்டது.

ஒக்ரோபர் 19, புதன்

மஃரிபுக்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. கதிரையில் இருந்தேன். எழும்பித் திரும்பவும் இருந்தேன்.

ஒக்ரோபர் 24, திங்கள்

ஓடர் கூடியிருக்கிறது. நான் அனுப்பும்போது களைத்துப்போய் விடுகிற ஆட்களையும் இது விடாது.

ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற ஐயாத்துரை அண்ணை கடைக்கு வந்து சிரித்தார். அவர் அங்கே நிற்கும் நாட்களில் போனுக்கு சிக்னல் இல்லை. நேற்று பஸ்ஸில் ஓமந்தை தாண்டினதும் ஒரு கிழமை மெசேச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்ததாம். பஸ்ஸில் இருந்த சனம் முழுக்க, வீட்டில் ஏதும் நடந்துவிட்டதோ என்று பயந்து எட்டிப் பார்த்ததாம். "ஒண்டுமில்லை, கோழிக்கடைக்காரி தேடுறா எண்டு சொன்னனான்" என்றார். இரண்டு கிலோ வாங்கினார்.

நவம்பர் 1, செவ்வாய்

தீபாவளி. செவ்வாய் பார்க்காத வீடெல்லாம் வாங்கியது. இவர் சிரித்துக்கொண்டு திரிகிறார். புத்தளத்தைப் பற்றி மூச்சில்லை.

நவம்பர் 5, சனி

நேற்றுப் பெருநாள். வட்டிலப்பம் நல்லாய் வந்தது, பாலில் தண்ணி கூடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடை நாளையும் பூட்டு. நாங்கள் இரண்டு பேரும் செட்டிகுளத்தில், உம்மா வீட்டில். இவர் நாளை பின்னேரம் திரும்புகிறார், நான் திங்கள் விடிய வாறேன். தீபாவளி முடியப் பெருநாளுக்காக நிறுத்தி வைத்த மெசேச்சை நாளைப் பின்னேரம் திரும்பத் தொடங்கச் சொல்லி நிஹ்லாவுக்குச் சொல்லியாயிற்று. தலையணையில் தலை வைத்து எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 7, திங்கள்

எழுதவே கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். சந்தியில் வீரகத்தியின் கடை பூட்டு. ஏன் என்று யோசித்தேன். கோயில் பக்கம் மேளம். அப்போதுதான் விளங்கியது. இன்றைக்குச் சூரன்போர். கந்தசஷ்டி கடைசி நாள். ஆறு நாளாக இந்த ஊரில் பாதிச் சனம் மச்சத்தைக் கண்ணாலும் பார்க்கவில்லை, சில மனிசிமார் பச்சைத் தண்ணியோடு கிடக்கினம். நான் வட்டிலப்பத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஓடினேன். கடைக்குள் போனால் இவர் இரத்தத்துக்குள் நின்று சிரிக்கிறார். "பார், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு கிலோ. இனி புத்தளமாவது மண்ணாவது." இவருக்குத் தெரிந்த திதி ஒன்றே ஒன்று, கோழி லொறி வருகிற நாள்.

பேப்பரைப் பார்த்தேன். ஆறு, ஆறு, ஆறு. அந்த வரிசையில் ஒரு வீடும் தப்பவில்லை. போனைத் திறந்து பதில்களை வாசித்தேன். "6 naalum viratham, anuppaathengo." "Sashti 6 naal, machcham illai." ஆறு நாள் விரதம் என்று சனம் எழுத, அந்தச் சனியன் பிடித்த பெட்டி ஆறு கிலோ என்று எடுத்து, நன்றியும் சொல்லியிருக்கிறது. கமலாட்சி ரீச்சர் மூன்று தரம் எழுதியிருக்கிறா. மூன்று தரமும் நன்றி.

"ஆருக்காவது குடுத்திட்டீங்களோ?" என்று கேட்டேன்.

ரீச்சருக்கு மட்டும்தான் என்றார். ஈரச் சேலையோடு, பூத்தட்டோடு கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றாவாம். இவர் கேற்றடியில் ஆறு கிலோவை நீட்டிக்கொண்டு, "பெருநாள் ஸ்பெசல் ரீச்சர், ஈரலும் போட்டிருக்கிறன்" என்றாராம். அவா திரும்பப் போய்த் தலை முழுகினாவாம். இவர் அதையும் நின்று பார்த்துவிட்டு, சந்தோசத்தில் குளிக்கிறா என்று நினைத்தாராம்.

ரீச்சரின் ஒழுங்கையில் உள்ள வீடு முழுக்க ரீச்சர் வாங்குகிற இடத்தில்தான் வாங்கும். அந்த ஒழுங்கை போனால் கடை போயிற்று.

நவம்பர் 7, பிறகு

வெட்டின கோழியை என்ன செய்வது? மதரசாவுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். மிச்சத்துக்கு இந்த ஊரில் இடம் உள்ள பிறீசர் ஒன்றுதான். இவர் வெட்கத்தில் வரவில்லை, நான் போனேன். கோயில் வீதியில் வீரகத்தியைப் பிடித்தேன். கதையைக் கேட்டுவிட்டுத் தலை குனிந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். மனிசன் சிரிப்பை அடக்கியிருக்கிறார், ஆறு நாள் பட்டினியில் அதுவும் கஷ்டம்.

"நான் விரதம், தங்கச்சி. தொடமாட்டன். இந்தாங்கோ கடைத் திறப்பு, நீங்களே கொண்டுபோய் வையுங்கோ."

நவம்பர் 8, செவ்வாய்

பாறணை, விரதம் முறிக்கிற நாள். இன்றைக்கும் ஒருவருக்கும் மச்சம் வேண்டாம். நிஹ்லா அழுதுகொண்டு வந்தாள். "உனக்குச் சஷ்டி தெரியாது, எனக்குத் தெரியும், அப்ப பிழை ஆரிலை?" என்று கேட்டேன். அழுகையை நிறுத்திவிட்டு, "உங்களிலைதான்" என்றாள். அவ்வளவு கெதியாய் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

இரவு எல்லாருக்கும் ஒரு மெசேச் போட்டேன், பெட்டி நன்றிப் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டு. "எங்கட கொம்பியூட்டருக்கு விரதம் தெரியாது. எங்களுக்குத் தெரியும், மறந்திட்டம். மன்னியுங்கோ. வெட்டின கோழி ஐஸில் இருக்கு, நாளை பாதி விலை. வேண்டாம் எண்டால் திட்டுங்கோ."

நவம்பர் 9, புதன்

திட்டினார்கள். வாங்கவும் வாங்கினார்கள். மத்தியானத்துக்குள் முடிந்தது. கடைக்கு வந்த ஆளெல்லாம் "ஆறு கிலோ தாங்கோ" என்று கேட்டுவிட்டுச் சிரிக்குது. சிரிக்கட்டும்.

ரீச்சர் வரவில்லை. அந்த ஒழுங்கையிலிருந்து ஒருவரும் வரவில்லை. இவர் நாநாவுக்குக் கோல் எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்.

நவம்பர் 13, ஞாயிறு

ரீச்சர் வந்தா. கடைக்குள் ஏறவில்லை, வாசலில் நின்றா. நான் வாயைத் திறக்க முதல், "நஸ்மியா, இந்த ஊரிலை எனக்கு வெள்ளிக்கிழமை எண்டு ஞாபகம் வைச்சிருந்த ஒரே ஆள் நீர்தான். என்ரை மகனே வெளிநாட்டிலை இருந்து வெள்ளிக்கிழமையிலை கேக்கிறான், அம்மா என்ன, மீனோ எண்டு. அதுதான் எனக்குக் கோபம்" என்றா.

கோழிக்கடையில் நின்று அழுதால் வியாபாரத்துக்குக் கூடாது என்று மூக்கைத் துடைத்தேன்.

"எழுதும்" என்றா. வெள்ளி. சஷ்டி. பிரதோஷம். புருஷனின் திதி. சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு, ஒரு கிலோ, தோல் இல்லாமல்.

நவம்பர் 20, ஞாயிறு

இந்தக் கிழமை வீடு வீடாய்ப் போனேன். எந்தெந்த நாள் மச்சம் இல்லை என்று கேட்டு வந்து கொடுக்க, நிஹ்லா ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொன்றாய்ப் போட்டாள். ரீச்சர் வீட்டில் நாலு நாள் என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீடு ஐந்து சொன்னது. விமலேஸ்வரி அக்கா சனியையும் போடச் சொன்னா. அன்றைக்குப் பின்னேரமே அவாவின் புருஷன் வேறு நம்பரிலிருந்து எழுதியிருந்தார்: "சனிக்கிழமை அரைக் கிலோ. வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நான் வாறன்."

டிசெம்பர் 11, ஞாயிறு

நிஹ்லாவின் புத்தி இது, அவளுக்கே மாலை போட வேண்டும். மச்சம் இல்லாத நாளுக்கு முதல் நாள் மெசேச்சை நிறுத்தாமல், "நாளை உங்களுக்குப் பிரதோஷம், நாங்கள் கேட்கமாட்டம்" என்று அனுப்பச் சொன்னாள். இப்போது மனிசிமார் எனக்குக் கோல் எடுத்துக் கேட்கிறார்கள், ஏகாதசி எப்ப, கார்த்திகை எப்ப என்று. சுவரில் கலண்டரும் பஞ்சாங்கமும் தொங்குகிற வீட்டிலிருந்து, கோழிக்கடை முஸ்லிம் மனிசியிடம். கேட்டதை வீரகத்தியிடம் விசாரித்துச் சொல்லுகிறேன். அவர் தனக்கும் போடச் சொன்னார். போட்டேன்.

பெப்ரவரி 25, 2006. சனி

நாளைக்குச் சிவராத்திரி. பெட்டி தன்பாட்டில் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது: "நாளை கேட்டாலும் தரமாட்டம்." ரீச்சரிடமிருந்து பதில்: "நல்லது. சாமத்திலை நித்திரை வந்தால் ஒரு மெசேச் போட ஏலுமோ?" நிஹ்லா அதற்கும் நேரம் குறித்து வைத்தாள்.

இவர் புத்தளத்துக்குக் கோல் எடுத்தார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. "நாநா, அந்த அறையை வேறை ஆருக்கும் குடுங்கோ. ஓம். ஓம், நல்ல யோசிச்சுத்தான் சொல்லுறன்." மற்றப் பக்கத்தில் மதினியின் குரல் கேட்டது, என்னவென்று விளங்கவில்லை. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போனை வைத்துவிட்டு, நாளைக்குக் கடை பூட்டு, என்ன செய்வது என்று கேட்டார். ஊர் முழுக்க முழிச்சிருக்கட்டும், நாங்கள் விடிய வெள்ளாப்பு வெளிச்சம் வரும் வரைக்கும் நித்திரை கொள்ளுவம் என்றேன்.