நான்காவதா, ஒன்பதாவதா?

டோக்கியோ,
நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஹச்சினோஹெயில் இந்நேரம் பனி தொடங்கியிருக்கும். விரல் வெடிப்புக்கு அனுப்பிய களிம்பைத் தடவுகிறாயா, வழக்கம்போல் எடுத்து வைத்துவிட்டாயா?

நம் 'நீலவிளக்கு' வீடியோ கேமின் ஒன்பது பாகங்களையும் வரிசைப்படுத்தும் கட்டுரையை எங்கள் பத்திரிகையில் என்னை எழுதச் சொன்னார்கள். ஆறு பக்கம், கீழே என் பெயர்! புத்தாண்டு தோறும் கணப்பு மேசைக்கடியில் கால் நீட்டி, ஆரஞ்சு உரித்தபடி நாம் போட்ட சண்டைதான் இப்போது என் வேலை. ஒன்பதாவதை முதலில் வைத்திருக்கிறேன். உன் நான்காவதுக்கு ஐந்தாம் இடம். கோபிக்காதே.

இதழை இத்துடன் வைத்திருக்கிறேன். மீன் தொழிற்சாலையில் எல்லோரிடமும் காட்டு.

உன் தங்கை,
ஷிஸுஹோ


ஹச்சினோஹெ,
நவம்பர் 11

அன்பு ஷிஸுஹோவுக்கு,

காட்டினேன். நான் படிப்பதற்கு முன்பே காட்டிவிட்டேன். சாப்பாட்டு அறையில், கூட வேலை செய்யும் கஜியுரா அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "நான்காவதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்கள் அதற்குப் பிறகு எதையும் ஆடாதவர்கள். தாங்கள் நின்றுபோன இடத்தையே உச்சி என்று நினைப்பவர்கள்."

"ஏய் டோமோஏ, இது உன்னத்தாண்டி! நாலு நாலுன்னு நீதான உயிர விடுவ?" என்றார்.

"படிச்ச தங்கச்சி இல்லியா, குத்துனாலும் அழகாத்தான் குத்துவா" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கானாங்கெளுத்தி அறுக்கப் போனேன்.

ஐந்தாவது வெளிவந்த வசந்தத்தில்தான் அப்பா படுக்கையில் விழுந்தார். நான் தொழிற்சாலையில் சேர்ந்து கத்தியைக் கையிலெடுத்தேன். நீதான் தனியாக ஆடினாய். கல்லூரிக்குப் போகும்போது, ஐந்தாவதுக்காக வாங்கிய புது கேம் பெட்டியையும் கொண்டுபோனாய். "எடுத்துட்டுப் போ, எனக்கெங்க நேரம்" என்று சொன்னதும் நான்தான்.

நான்காவதில் கதாநாயகிக்கு என் பெயர், வைத்தியக்காரிக்கு உன் பெயர். கோட்டை வாசலில் வைத்தியக்காரி நம் கூட்டத்தைவிட்டுப் போய்விடுவாள் என்பது தெரியாமல், கிடைத்த நல்ல கவசத்தையும் மோதிரத்தையும் அவளுக்கே மாட்டிவிட்டேன். அத்தனையோடும் போய்விட்டாள். நீ அழுதாய். "அடுத்த வாட்டி முன்னாடியே கழட்டிடுக்கா" என்றாய். எத்தனையோ முறை ஆடிவிட்டேன். ஒருமுறைகூடக் கழற்றியதில்லை.

அம்மா நலம். ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா டோமோஏ


டோக்கியோ,
நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

அது உன்னைப் பற்றியதில்லை. பொதுவாக எழுதியது.

இங்கே ஆசிரியர் குழுவில் என் குரல் மேசையைத் தாண்டிப் போகாது. அந்த வரியைச் சொன்ன அன்றுதான் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "அட, இந்தப் பொண்ணுக்குப் பேசக்கூட வருமா!" என்று சிரித்தார்கள். அதை நானே எப்படி வெட்டுவேன்?

ஆடாமலே வாதம் செய்வது நியாயமில்லை, அக்கா. ஒன்பதாவதையும் அதற்கான பெட்டியையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆடிப் பார்த்துவிட்டுச் சொல். புத்தாண்டுக்கு வருகிறேன், மேசைக்கடியில் கால் நீட்டிப் பேசிக்கொள்வோம்.

ஷிஸுஹோ


ஹச்சினோஹெ,
டிசம்பர் 27

ஷிஸுஹோவுக்கு,

ஒன்பதாவதை முடித்தேன். நீ எழுதியது சரி. அதுதான் முதல். கடலின் நடுவே விளக்கு ஏற்றும் இடத்தில் விசையை அழுத்தவே மறந்து உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒன்று இருப்பது தெரியாமல்தான் இத்தனை வருடம் நாலு நாலு என்று வாயாடியிருக்கிறேன். நீ பொய் எழுதியிருந்தால் மன்னிப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு குறை உண்டு. இதில் யாருக்கும் நாம் பெயர் வைக்க முடியவில்லை. எல்லோரும் வாய்திறந்து பேசுகிறார்கள், பெயரோடே வந்துவிடுகிறார்கள். அதைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

புத்தாண்டுக்குக் கஜியுரா அக்கா வீட்டுக்குப் போகிறேன். அம்மா உனக்காகக் காத்திருக்கிறாள், வந்து இருந்துவிட்டுப் போ. ஆரஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய பெட்டி மேசைக்கடியில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்.

நேற்று பழைய பெட்டியைத் தூசி தட்டி நான்காவதை மறுபடி எடுத்தேன். கோட்டை வாசலுக்கு முன்னால் நின்று ஷிஸுஹோவின் மோதிரத்தைக் கழற்றினேன். பிறகு கவசம். வெறும் துணியோடு நின்றாள். உள்ளே நுழைந்ததும், எப்போதும் சொல்லும் அதே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கவசத்தை டோமோஏவுக்கு மாட்டினேன். அவளுக்கும் அது பொருந்துகிறது. இத்தனை வருடம் மாட்டிப் பார்க்கவே தோன்றவில்லை.

டோமோஏ